புதன்கிழமைப் பெண்

ரோலிங்ஸ்டோன் ஊரைத் தாண்டியதும் நுன்சியோ முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சைப் பிளாஸ்திரியோடு உரித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கையைத் தொங்கவிட்டு ரத்தம் வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. பிறகு காரின் முன்பெட்டியைத் திறந்து வாசனைப் புட்டியை எடுத்து, கழுத்தின் இரண்டு பக்கமும் தட்டிக்கொண்டார். கார் முழுக்க எலுமிச்சை நெடி பரவியது. காரை ஓட்டிய மகள் அகாத்தா ஜன்னலை இரண்டு விரற்கடை இறக்கினாள்.

நாலு வருஷமாக மாதம் ஒரு புதன்கிழமை இப்படித்தான். காலையில் டவுன்ஸ்வில் ஆஸ்பத்திரியின் பகல் வார்டில் இரண்டு பை ரத்தம். மாலையில் திரும்பும் வழியில் இந்த ஒப்பனை. தங்கள் ஊரான இங்ஹாமுக்குள் கார் நுழையும்போது அவர் கன்னத்தில் புது நிறமும் கழுத்தில் வாசனையும் இருக்கும். ஊர் என்ன நினைக்கிறதோ அதற்குப் பொருத்தமாக.

பெட்ரோல் போட நிறுத்தியபோது அல்ஃபியோ டீசல் கேனோடு நின்றிருந்தார். அகாத்தாவின் ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்தியவர் அவர்தான். அந்த உறவில் அவரும் நுன்சியோவும் ஒருவரையொருவர் கும்பாரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"என்ன கும்பாரே, மூஞ்சி பளபளன்னு இருக்கு! நல்லா கவனிச்சு அனுப்பிச்சிருக்கா போல."

"போடா."

"அம்பத்தெட்டு வயசுல இந்த நடை நடக்குறியே, எப்படா கண்ணுல காட்டப் போற? பேரையாச்சும் சொல்லு."

"பேரு சொன்னா நீ போயி நிப்ப."

அல்ஃபியோ கேனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். ஜன்னல் பக்கம் குனிந்து அகாத்தாவைப் பார்த்தார். "உலகத்துல எந்தப் பொண்ணும்மா அப்பனைக் கூட்டிட்டுப் போயி விட்டுட்டு, சாயங்காலம் கூட்டிட்டும் வரும்? நீ சொர்க்கத்துக்குத்தான் போவ."

அகாத்தா பெட்ரோல் மானியைப் பார்த்தபடி புன்னகை மாதிரி ஒன்றைச் செய்தாள்.

அந்தப் பெண்ணை நுன்சியோ கண்டுபிடிக்கவில்லை. ஊர்தான் கண்டுபிடித்தது. மனைவி இறந்த இரண்டாவது வருஷம் அவர் புதன்கிழமைகளில் காணாமல் போகத் தொடங்கியதும் யாரோ கேலியாகக் கேட்டார்கள். அவர் மறுக்கவில்லை. அடுத்த மாதமே வாசனைப் புட்டி வாங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து காலணிக் கயிற்றை அவிழ்த்தார். பின்வாசலுக்கு வெளியே அவர்கள் கரும்பு பூவெடுத்து நின்றது. இன்னும் பதினைந்து நாளில் அரவை தொடங்கும். ஜூனிலிருந்து நவம்பர் வரை ஆலை ராப்பகலாக ஓடும். அகாத்தாவும் ஆலையின் ஆய்வகத்தில்தான் வேலை பார்க்கிறாள். ஒவ்வொரு பண்ணையின் கரும்புச் சாற்றிலும் எவ்வளவு சர்க்கரை என்று அளப்பது அவள் வேலை. எண்களோடு இருப்பது அவளுக்குப் பிடிக்கும். அவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இன்று டாக்டர் காட்டிய எண்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. போன அரவையில் நுன்சியோ மூன்று முறை ஆஸ்பத்திரிக்கு போன் செய்து சளி பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டார். ரத்தம் ஏற்றாமலே டிராக்டர் ஓட்டினார். நவம்பரில் ஹீமோகுளோபின் லிட்டருக்கு ஐம்பத்துநாலு கிராம். சாதாரண ஆணுக்கு அது நூற்று நாற்பது இருக்கும். இந்தப் பக்கம் ரத்தம் போதாமல் இதயம் இரட்டை வேலை செய்கிறது. அந்தப் பக்கம், ஏற்றிய ஒவ்வொரு பையிலிருந்தும் மிஞ்சும் இரும்பு வெளியேற வழியில்லாமல் அதே இதயத்தில் படிகிறது. இனி மூன்று வாரத்துக்கு ஒரு முறை ரத்தம், தினமும் இரும்பை வெளியேற்றும் மாத்திரை, ஒரு நாள்கூடத் தவறக் கூடாது என்றார் டாக்டர். இன்னொரு அரவைக் காலத்தை இந்த இதயம் போன வருஷம் மாதிரித் தாண்டாது என்றும் சொன்னார். நுன்சியோ தலையாட்டினார். அவர் கேட்கப் போவதில்லை என்று தலையாட்டிய விதத்திலேயே அகாத்தாவுக்குத் தெரிந்துவிட்டது.

"நவம்பர் வரைக்கும் பொறு. அப்புறம் வாராவாரம் வேணாலும் போறேன்."

"டாக்டர் சொன்னது காதுல விழுந்துச்சா பப்பா?"

"விழுந்துச்சு. நாலு வீட்டுக்கு ஒரு அறுவடை மெஷின். கரும்பு ஏத்த ரெண்டே டிராக்டர். ஒண்ணுல நான். நான் ஒரு நாள் இல்லேன்னா மெஷின் பாதி நேரம் சும்மா நிக்கும். ஆலை ரயில்ல அனுப்புற தொட்டி ரொம்பாது. ரொம்பலேன்னா மறுநாள் கம்மியா அனுப்புவான். நாலு வீட்டுக்கும் அடி."

"சொன்னா வேற ஆளைப் போடுவாங்க."

"என்னன்னு சொல்ல?"

"உடம்பு சரியில்லேன்னு."

நுன்சியோ ஒரு காலணியைக் கையில் வைத்துக்கொண்டே அவளைப் பார்த்தார். அவர் கண்ணின் வெள்ளையில் எப்போதும் லேசாக மஞ்சள் இருக்கும். வெயில் என்று ஊர் நினைத்தது. பத்தொன்பது வயதில் மண்ணீரலை எடுத்த தழும்பைக் குடல் ஆபரேஷன் என்று ஊர் நினைத்தது. அவருக்கு முன்னால் பிறந்த அக்கா நெட்டா ஒன்பது வயதில் இதே நோயில் போய்ச் சேர்ந்தாள். அந்தக் குடும்பத்து ரத்தமே சரியில்லை என்று யாரோ சொல்லப் போய், அவருடைய அத்தைக்கு நிச்சயமான கல்யாணம் நின்றுபோனது. அத்தை கடைசிவரை தையல் மிஷினோடு இருந்துவிட்டார். அப்போது நுன்சியோவுக்கு ஆறு வயது. அந்த மிஷின் சத்தம் இன்னும் காதில் இருப்பதாக ஒரு முறை அம்மாவிடம் சொன்னதை அகாத்தா கேட்டிருக்கிறாள்.

"உனக்கு இன்னும் கல்யாணம் ஆகல" என்றார்.

"அது என்ன இப்ப?"

"சான்தோவுக்கு உன்னைக் கேட்டு அவன் அம்மா ரெண்டு ஞாயித்துக்கிழமையா போன் பண்ணுது."

"பண்ணட்டும். அதுக்காக நீங்க சாகணுமா?"

அந்தச் சொல் சமையலறையில் நின்றது. இரண்டு பேரும் அதைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தார்கள். நுன்சியோ மேஜையில் இருந்த மூடிய பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்தார். அல்ஃபியோவின் மனைவி நெல்லா கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது. வெங்காயத்தோடு வதக்கிய மாட்டு ஈரல். நுன்சியோ வெளுத்துப்போனதாகத் தோன்றும்போதெல்லாம் நெல்லா ரத்தம் ஊறட்டும் என்று ஈரல் சமைத்துக் கொண்டுவருவாள். அவர் உடம்பில் ஏற்கெனவே அளவுக்கு மீறி இருக்கும் இரும்பு, ஒரு பாத்திரம் நிறைய, அன்போடு. வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். அதனால் அவர் சாப்பிட்டுவிடுவார்.

அகாத்தா பாத்திரத்தை அவர் கைக்குக் கீழிருந்து எடுத்துப் பின்வாசல் நாய்க்குக் கொட்டினாள்.

"சத்தியம் பண்ணு" என்றார் அவர், பின்னாலிருந்து. "என் ரத்தத்தைப் பத்தி வெளிய ஒரு வார்த்தை பேசமாட்டேன்னு."

அவள் நாய் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அகாத்தா."

"பேசமாட்டேன்."

சனிக்கிழமை அவள் ஆலையில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவி அடுக்கினாள். அரவைக்கு முந்தைய சோதனை ஓட்டம். கைகள் வேலை செய்ய, மனம் ஒரே இடத்தில் நின்றது. பதினாலு வயதில் அம்மா அவளை டாக்டரிடம் கூட்டிப்போய் எடுத்த பரிசோதனை. அவளுடைய சிவப்பணுக்கள் சிறியவை. பப்பாவிடம் பழுதான மரபணு இரண்டு. அதில் ஒன்று எப்படியும் பிள்ளைக்கு வந்தே தீரும். ஒன்று மட்டும் இருந்தால் நோயில்லை. அதே மாதிரி ஒன்று வைத்திருப்பவனைக் கட்டினால் மட்டும், பிறக்கும் பிள்ளைக்கு நாலில் ஒரு பங்கு ஆபத்து. சிசிலிக்காரர்கள் நிறைந்த இந்தக் கரும்பு ஊரில் அப்படி எத்தனை பேர் தெரியாமலே இருப்பார்களோ. இது சீக்கு இல்லை, யாரிடமும் சொல்லாதே என்றாள் அம்மா அன்று. அவள் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது அவளுக்குச் சுலபம். பள்ளியில் விடை தெரிந்தும் கை தூக்காத பெண் அவள்.

இந்த ரத்தம் யாருடையது? வந்தது பப்பாவிடமிருந்து. இருப்பது என் உடம்பில். என்னுடையதைச் சொல்ல எனக்கு யார் அனுமதியும் வேண்டாம். இப்படி வாதாடிப் பார்த்தாள். வாதம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் கேட்பவர்களுக்குக் கணக்குப் போடத் தெரியும். அது வாக்கை மீறுவதுதான், வேறு பெயரில். அதையும் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். குழாய்களைத் துடைத்து முடித்தபோது முடிவு மாறவில்லை. மேற்பார்வையாளரிடம் போய், மூன்று வாரத்துக்கு ஒரு புதன்கிழமை விடுப்புக்கு எழுதிக் கொடுத்தாள். நவம்பர் கடைசி வரைக்கும் தேதிகளைப் போட்டு.

ஞாயிறு பூசை முடிந்து நாலு குடும்பமும் தூரியின் கொட்டகையில் கூடியது. ஒவ்வொரு வருஷமும் அரவைக்கு முன்னால் அங்கேதான் யார் கரும்பு முதலில், யார் எந்த வண்டியில் என்று முடிவாகும். எழுபது தாண்டிய தூரி அறுவடை இயந்திரத்தின் படியில் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் எண்ணெய் டிரம்களின் மேல். நெல்லா காப்பி ஊற்றினாள். அகாத்தா பிஸ்கட் தட்டோடு கதவோரம் நின்றாள். அம்மா இருந்தபோது அம்மா நின்ற இடம்.

"ரெண்டாம் டிராக்டர் நுன்சியோ. எப்பவும் போல" என்றார் தூரி. "ஆனா ஒண்ணு. போன வருஷம் மாதிரி வேலையில தூங்கி வழியக் கூடாது. புதன்கிழமை ஊர் சுத்துறதையும் நிறுத்திக்க. அவளை நவம்பர் வரைக்கும் காத்திருக்கச் சொல்லு."

"காத்திருக்க மாட்டேன்னா இங்கயே கூட்டிட்டு வந்துரு கும்பாரே" என்றார் அல்ஃபியோ. "மடியில உக்கார வச்சு ஓட்டு."

கொட்டகை சிரித்தது. நுன்சியோவும் சிரித்தார். "சரி, சரி. காத்திருப்பா."

"காத்திருக்க மாட்டா" என்றாள் அகாத்தா.

கையிலிருந்த தட்டை டிரம்மின் மேல் வைத்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பப்பாவை மட்டும் அவள் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவோம் என்று தெரிந்தது.

"என் ரத்தத்துல ஒரு குறை இருக்கு. தலசீமியான்னு பேரு. எனக்குப் பாதிதான், அதனால எனக்கு ஒண்ணும் பண்ணாது. தொத்தாது. அப்பா அம்மாகிட்டேருந்து பிறக்கும்போதே வர்றது." தட்டில் சரிந்த பிஸ்கட்டை நேராக்கினாள். "எங்க அம்மாவுக்கு அது இல்ல."

கூரைத் தகரம் வெயிலில் படபடத்தது.

"அதுக்கு மேல நான் சொல்லமாட்டேன். சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். மூணு வாரத்துக்கு ஒரு புதன்கிழமை நான் டவுன்ஸ்வில் போகணும், ஒருத்தரைக் கூட்டிக்கிட்டு. லீவு போட்டுட்டேன். அன்னிக்கு ரெண்டாம் டிராக்டருக்கு ஒரு ஆள் வேணும். அவ்வளவுதான்."

முதலில் பேசியவர் அல்ஃபியோ. "அப்போ... பொம்பளையே இல்லையா?" அவர் குரலில் உண்மையான ஏமாற்றம் இருந்தது. "நாலு வருஷமா?"

யாரோ சிரிக்கத் தொடங்கிப் பாதியில் விட்டார்கள். தூரி படியிலிருந்து மெதுவாக எழுந்தார். நெட்டாவின் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் அவருடைய அப்பாவும் ஒருவர்.

"நுன்சியோ. நெட்டாவுக்கு வந்ததுதானா இது?"

நுன்சியோ காப்பிக் கோப்பையை டிரம்மின் மேல் வைத்தார். அது சாய்ந்துவிடாதபடி ஒரு முறை சரிசெய்தார். பிறகு எல்லோருக்கும் நடுவே நடந்து, வெயிலுக்குள் போய், காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"நான் ஓட்டுறேன்" என்றாள் நெல்லா.

"நீயா?" என்றார் அல்ஃபியோ.

"ஆமா, நான்தான். கிளட்ச் எது பிரேக் எதுன்னு உனக்குக் காட்டிக் குடுத்தது யாரு?" காப்பிக் கெண்டியோடு அகாத்தா பக்கம் திரும்பினாள். "இந்தா பொண்ணு, அந்த ஈரல். நாலு வருஷமா குடுத்தேனே, நல்லதா கெட்டதா?"

"கெட்டது அத்தை."

"அடப்பாவிகளா! சொல்லித் தொலைச்சிருந்தா கத்திரிக்காயாவது பண்ணிக் குடுத்திருப்பேனே!"

அகாத்தா வெளியே வந்தபோது அல்ஃபியோ பின்னாலேயே வந்தார். கொட்டகைச் சுவரோரம் நின்று, தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ தேடுவதுபோலப் பார்த்தார். குரல் இறங்கியிருந்தது.

"எம் பொண்ணு ரெனாட்டா முழுகாம இருக்கா. ரெண்டு மாசம். மாப்பிள்ளையும் நம்ம ஆளுங்கதான். அந்தப் பரிசோதனை... எங்க எடுக்கணும்?"

"அவ டாக்டர்கிட்டேயே எடுக்கலாம் மாமா. ரெண்டு பேரும் எடுக்கச் சொல்லுங்க. பரிசோதனை பேரை எழுதித் தர்றேன்."

ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். அவர் அதை நாலாக மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டார்.

காரில் பாதி வழி போனதும் நுன்சியோ "வாக்குக் குடுத்தியே" என்றார்.

"என்னுடையதைத்தான் சொன்னேன்."

"அப்போ வாக்கைக் காப்பாத்தினியா?"

அவள் யோசித்தாள். "இல்ல பப்பா."

அதன் பிறகு இரண்டரை வாரம் அவர் அவளோடு பேசவில்லை. காலையில் காப்பிக்குப் பக்கத்தில் மாத்திரைகளை வைத்தாள். சாப்பாட்டு வேளையில் அவை இருக்காது. அவர் விழுங்கினாரா என்று தெரியாமல், பாத்திரம் கழுவும் தொட்டியின் சல்லடையையும் குப்பைக் கூடையையும் பார்த்தாள். பார்ப்பதை அவர் பார்த்தார். அவளும் நிறுத்தவில்லை. ஆலை உணவறையில் ஒருத்தி, தொத்தாதுதானே என்று இன்னொரு முறை கேட்டுவிட்டுத் தட்டோடு வேறு மேஜைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை சான்தோவின் அம்மாவிடமிருந்து போன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. போன் வைத்திருந்த மேஜைக்குப் பக்கத்தில் நுன்சியோ மாலை முழுக்க உட்கார்ந்திருந்தார். அவர் பயந்தது பொய்யில்லை. அகாத்தா அதை அவரிடம் மறைக்க முயலவில்லை. வலிக்கிறதா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். கொஞ்சம் வலித்தது. அந்தக் கொஞ்சத்தைத் தாங்க முடியும் என்றும் தெரிந்தது. மாத்திரைப் பட்டையில் காலியான குழிகள் நாளுக்கு நாள் கூடின.

அரவை தொடங்கிய பிறகு வந்த முதல் புதன்கிழமை. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மில்லின் புகை கடல் பக்கமாகச் சாய்ந்தது. அகாத்தா காரைக் கிளப்பிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். அவர் வராவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து வைத்திருக்கவில்லை. இரண்டு நாளாக அவருக்கு மூச்சு வாங்குகிறது. படியேறும்போது கைப்பிடியைப் பிடித்து நின்று நின்று ஏறுகிறார். வயலோரத்தில் நெல்லா தலையில் துணியைக் கட்டிக்கொண்டு டிராக்டரைச் சுற்றிவந்து சக்கரங்களை உதைத்துப் பார்த்தாள். அறுவடை இயந்திரத்திலிருந்து அல்ஃபியோ எதையோ கத்தினார். நெல்லா அதைவிடச் சத்தமாகத் திருப்பிக் கத்தினாள்.

நுன்சியோ வெளியே வந்தார். வயலுக்குப் போடும் சட்டை, வயலுக்குப் போடும் பூட்ஸ். படியில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். டிராக்டர் அவர் கைபடாமலே உறுமிக்கொண்டு கிளம்பியது. வரப்பின் முனையில் அது அகலமாகத் திரும்பியதைப் பார்த்து, அவர் வலது கை காற்றில், அங்கே இல்லாத ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் வளைத்தது. பிறகு வந்து காரில் ஏறினார்.

"மூணாவது கியர்லயே போறா" என்றார். இரண்டரை வாரத்தில் முதல் பேச்சு. அது அவளிடம் சொன்னதா என்று தெரியவில்லை.

நெடுஞ்சாலையில் ஏறி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. தண்டவாளம் குறுக்கே போகும் இடத்தில் சிவப்பு விளக்குகள் மாறி மாறி மின்னத் தொடங்கின. அகாத்தா நிறுத்தினாள். கரும்பு ரயில் வந்தது. இஞ்சினுக்குப் பின்னால் காலித் தொட்டிகள், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, ஆடிக்கொண்டு, அவர்கள் பண்ணைப் பக்கம் போயின. நுன்சியோ கதவைத் திறந்தார். அவள் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்தாள். கூப்பிடவில்லை. அவர் இறங்கி, ஒரு கையைக் காரின் மேல் வைத்து மூச்சை நிதானப்படுத்திக்கொண்டு, தண்டவாளத்துக்குப் பத்தடி முன்னால் போய் நின்றார். தொட்டிகளின் கம்பி இடுக்குகள் வழியாகக் காலை வெயில் வெட்டி வெட்டி அவர் முகத்தில் விழுந்தது. முகம் மெழுகு மாதிரி இருந்தது. காரின் முன்பெட்டியில் இருந்த வாசனைப் புட்டியை இன்று அவர் தொடவில்லை.

கடைசித் தொட்டி போனது. விளக்குகள் அணைந்தன. எதிர்ப்பக்கம் சாலை நீளமாக, காலியாகக் கிடந்தது. அவர் இன்னும் அங்கேயே நின்று, தொட்டிகள் கரும்புக்குள் மறைந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. அகாத்தா இஞ்சினை அணைக்கவில்லை. பக்கத்து இருக்கைக்கு எட்டி, அவர் திறந்துவிட்டுப் போன கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் கையால் பிடித்துக்கொண்டாள்.